நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள்

கோழி மெலிவது கண்ணுக்குத் தெரியாது. இறகு மூடிவிடும். உடம்பு வற்றிப்போன கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்போது முன்பைவிடப் பருமனாகக்கூடத் தெரியும். பலவீனம் வெளியே தெரிந்தால் கூட மேயும் கோழிகளே கொத்தி விரட்டும் என்பதால், முடிந்தவரை நோயை மறைத்துக்கொண்டேதான் திரியும். இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் தூங்கி வழிவது நம் கண்ணில் படுகிறபோது சீக்கு வந்து பல நாள் ஆகியிருக்கும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "சாகறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வச்சிருங்க."

சீக்குக்கோழியை அறுப்பதும் உரிப்பதும் மனிதருக்கே ஆபத்து. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, பிழைக்கக்கூடிய கோழிகள் இப்படிப் போய்விடுவதுதான். குரல் கேட்டதும் ஓடிவந்து காலைச் சுற்றுகிற ஓர் உயிருக்குக் கொஞ்ச நாள் பாடுபடுவது பெரிய காரியமில்லை.

இரவில் கோழி அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கி, நெஞ்சுக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஓடும் நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை திரண்டிருந்தால் கவலையில்லை. எலும்பு அரிவாள்மணை விளிம்பாகக் கையில் உறுத்தினால், உடம்பு தன் சதையையே தின்று நாள் கடத்துகிறது என்று பொருள். தராசு மட்டும் போதாது. ஒன்றேகால் கிலோ சிறுவிடைப் பெட்டைக்கு நல்ல எடை. பெருவிடைப் பெட்டை அதே எடையில் எலும்பும் தோலுமாக இருக்கும்.

எங்கள் வீட்டுக் கருப்புப் பெட்டை அப்படித்தான் கையில் கனமில்லாமல் வந்தது. அடைக்கு உட்கார்ந்து எழுந்திருந்தது. குஞ்சு பொரிக்கும் 21 நாளும் அடைக்கோழி ஒழுங்காகத் தின்னாது. நாளுக்கு ஒரு தரம் எழுந்து, அவசரமாக நாலு வாய் கொத்திவிட்டு, திரும்பவும் முட்டை மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மெலியத்தான் செய்யும். ஆனால் குஞ்சுகளோடு மேயத் தொடங்கிய பிறகு உடம்பு தேற வேண்டும். இது தேறவில்லை. கொண்டை வெளிறிக்கொண்டே போனது. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடைக்கு வைத்த கூடையின் பின்னல் இடுக்கெல்லாம் செள்ளு. இதில் ஒரு வகை பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு, இருட்டிய பிறகு வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. கோழிக்கு மருந்து போட்டால் மட்டும் தீராது. கூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூடையை எரித்துவிட்டோம், கூண்டின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிச் சுண்ணாம்பு அடித்தோம். வெயில் காலத்தில் முட்டை பொரிந்து ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும் என்பதால் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டும். இரத்தம் குடிக்காமலே பல மாதம் தாங்கும் பூச்சி இது.

காரணம் எதுவானாலும் முதலில் வேண்டியது சூடு. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். சதையில்லாத உடம்பு இந்தச் சூட்டைக் காப்பாற்றவே தின்றதையெல்லாம் செலவழித்துவிடும். தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, ஒரு ஓரத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டால், சூடு போதுமென்றால் அதுவே தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் பல்பு வேண்டாம், நிழல் போதும்.

அடுத்தது தண்ணீர். கொஞ்சம் வெல்லமும் சிட்டிகை உப்பும் கரைத்த நீரை அலகின் நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே உறிஞ்சும். வாயைப் பிளந்து ஊற்றுவது பலரிடமும் உள்ள பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள். கோழிக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் நோயைவிட அதுவே முந்திக்கொள்ளும்.

தீனி கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு, கேழ்வரகுக் கூழ், ஊறவைத்த கம்பு. கரையானைக் கண்டால் சோர்ந்த கோழியும் எழுந்து வரும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை நிறைய இருக்கும். விலையில்லாத நல்ல புரதம்.

விடிந்ததும் தீனி வைக்கும் முன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். இரவுக்குள் அது காலியாகியிருக்க வேண்டும். கல்லாகவோ, புளித்த வாடையுடன் கொழகொழவென்றோ இருந்தால் தின்றது உள்ளே இறங்கவில்லை. மேலும் மேலும் ஊட்டுவது கெடுதல்.

எச்சத்தையும் பாருங்கள். அடர்பச்சையாகக் கொஞ்சமே போட்டால் பட்டினியாகவும் இருக்கலாம். தீனி இல்லாத குடலில் பித்தநீர் மட்டும் இறங்குகிறது. இரத்தம் கலந்திருந்தால் இரத்தக்கழிச்சல், ஈரத் தரையில் பெருகும் நுண்ணுயிரால் வருவது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். வந்த பிறகு இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. கால்நடை மருந்தகங்களிலும் முகாம்களிலும் போடுகிறார்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் தொடாமல் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். புதிய எச்சத்தை ஒரு டப்பாவில் கொண்டுபோனால் நுண்ணோக்கியில் பார்த்துப் புழுவைக் கண்டுபிடிக்க முடியும். உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கிற பிப்பரசின் நாடாப்புழுவைத் தொடாது. ஆகவே கடையில் கேட்டு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுப்பதில் பயனில்லை. வயிற்றுக்குள் முட்டை உடைந்து சீழ் வைத்தாலோ, கட்டி வளர்ந்தாலோ என்ன பாடுபட்டும் சில போய்விடும். வலியில்லாமல் போகவிட மருத்துவரால் முடியும்.

தேறிய கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பதும் தனி வேலை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சில வாரம் பிரிந்திருந்த கோழி அந்த வரிசையில் தன் இடத்தை இழந்திருக்கும். சில நாள் பஞ்சாரத்துக்குள் வைத்து, மற்றவை சுற்றி மேயும்படி விட்டு, வயிறு நிறைந்த பிறகு மாலையில் திறந்துவிடுவது நல்லது. தீனித்தட்டு இரண்டு வேண்டும், எட்ட எட்ட.

முட்டை எப்போது வைக்கும் என்று கேட்பார்கள். முதலில் கொண்டை சிவக்க வேண்டும், நெஞ்சில் சதை பிடிக்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்தைக் கோழி தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும். மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொன்ன நாள் வரை அந்த முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம்.