பழைய லென்ஸ், புதிய கமரா: அடப்டர் வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர், கமரா வாங்குவது எங்கள் இளைஞர்களுக்கு இலகுவான காரியமாக இல்லை. கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோவில் திருவிழா எனப் படம்பிடித்துப் பிழைக்கும் பலருக்கு, பாவித்த மிரர்லெஸ் கமரா ஒன்றை வாங்குவதோடே கைக்காசு முடிந்துவிடுகிறது. நல்ல லென்ஸ் ஒன்றின் விலை சிலவேளை கமராவின் விலையையும் தாண்டிவிடும். மறுபுறத்தில், பிலிம் காலத்து லென்ஸ்கள் அலுமாரிகளிலும் பழைய ஸ்டூடியோக்களிலும் தூங்குகின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

இந்த லென்ஸ்களைப் புதிய கமராவில் பொருத்த உதவும் வளையமே அடப்டர். சரியாகப் பாவித்தால் குறைந்த செலவில் நல்ல படம் கிடைக்கும். பிழையாகப் பாவித்தால், கடன்பட்டு வாங்கிய கமராவே பழுதாகிவிடும்.

அடப்டர் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு லென்ஸும் சென்சரிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் நின்றால்தான் தொலைவிலுள்ள காட்சி தெளிவாக விழும். நிக்கோன் எப் வகைக்கு அந்தத் தூரம் 46.5 மில்லிமீற்றர். கெனன் ஈ.எப். வகைக்கு 44. பழைய கெனன் எப்.டி. வகைக்கு 42. இந்தக் கமராக்களுக்குள் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசைய இடம் தேவைப்பட்டதால் தூரமும் அதிகம். மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனி ஈ வகையில் தூரம் 18 மில்லிமீற்றர் மட்டுமே.

ஆகவே நிக்கோன் எப் லென்ஸைச் சோனியில் பொருத்தும் அடப்டரின் தடிப்பு 28.5 மில்லிமீற்றர். உள்ளே எந்தக் கண்ணாடியும் இல்லாத வெறும் குழாய்தான் அது. அந்தத் தடிப்பு சற்றுக் கூடினாலும் தூரக்காட்சி போகஸ் ஆகாது. மிரர்லெஸ் கமராவுக்கென்று செய்த லென்ஸைப் பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவில் இப்படிப் பொருத்த முடியாததற்கும் காரணம் இதுவே. அங்கே குழாய் வைக்க இடமில்லை.

எந்த லென்ஸுக்கு எந்த அடப்டர்?

அப்பச்சர் வளையம் லென்ஸிலேயே உள்ள பழைய மனுவல் லென்ஸ்களுக்குச் சாதாரண உலோக அடப்டர் போதும். போகஸையும் அப்பச்சரையும் கையால் மாற்றிக்கொள்ளலாம்.

கெனன் ஈ.எப். லென்ஸ்களின் கதை வேறு. அவற்றின் அப்பச்சரைக் கமரா மின்சாரத்தால் இயக்குகிறது. மின்தொடர்பு இல்லாத மலிவான அடப்டரில் போட்டால் அப்பச்சர் முழுதாகத் திறந்தபடியே நிற்கும். இவற்றுக்கு மின்தொடர்புள்ள அடப்டரே வேண்டும்.

நிக்கோனின் ஜீ வகை லென்ஸ்களில் அப்பச்சர் வளையம் இல்லை. அடப்டரிலேயே வளையம் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படம் எவ்வளவு நெருங்கித் தெரியும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சோனி, பியூஜிபில்ம் போன்றவற்றின் ஏ.பி.எஸ்.சி. கமராக்களில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் 75 போன்று நடந்துகொள்ளும். மைக்ரோ போர் தேர்ட்ஸ் கமராவில் 100 போன்று. முகம் எடுக்க இது நல்லது. சிறிய வீட்டுக்குள் முழுக் குடும்பத்தையும் எடுக்க உதவாது.

பொருத்தும்போது கவனம்

புதிய அடப்டரை நேராகக் கமராவில் மாட்ட வேண்டாம். மலிவான அடப்டர்களின் உட்புறத்தில் நுண்ணிய உலோகத் துகள்கள் ஒட்டியிருக்கலாம். மிரர்லெஸ் கமராவில் லென்ஸைக் கழற்றியதும் பெரும்பாலும் சென்சர் வெளியே தெரியும். துகள் அங்கேதான் போய் விழும். றப்பர் ஊதியால் ஊதி, உலர்ந்த துணியால் துடைத்த பின்னரே மாட்டுங்கள். வாயால் ஊதவே கூடாது.

கமராவை நிறுத்திவிட்டு, முதலில் லென்ஸை அடப்டரில் பொருத்துங்கள். பிறகு கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள். சென்சர் திறந்திருக்கும் நேரம் அப்போது குறையும்.

புள்ளியோடு புள்ளி பொருந்தினால் இலகுவாகச் சுழலும். இறுகினால் பலத்தைக் காட்டாமல் கழற்றிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது, நிக்கோன் லென்ஸ்களை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றியே மாட்ட வேண்டும். சோனியும் கெனனும் முள் சுற்றும் பக்கமாக. இது தெரியாமல் பலமாகத் திருகினால் மவுண்ட் தேயும்.

சில லென்ஸ்களின் பின்கண்ணாடி வெளியே நீண்டு நிற்கும். சோவியத் காலத்து ஜூபிட்டர் 12 அதற்கு உதாரணம். இப்படியான லென்ஸ்கள் கமராவின் உட்பகுதியில் முட்டக்கூடும். குறைந்த வெளிச்சத்துக்கு உதவும் ஸ்பீட்பூஸ்டர் வகை அடப்டர்களிலும் பின்னால் கண்ணாடி உண்டு. ஆழத்தைக் கண்ணால் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

அடுத்தது பாரம். சோனி ஏ6000 கமராவின் எடை பற்றரியோடு 344 கிராம். 70-200 எப்2.8 லென்ஸ் ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கமராவின் பட்டியைக் கழுத்தில் போட்டு இந்த லென்ஸைத் தொங்கவிட்டால் பாரம் முழுவதும் மவுண்டில் இறங்கும். லென்ஸைக் கையால் தாங்குங்கள். முக்காலியில் வைக்கும்போதும் லென்ஸின் வளையத்தையே பூட்டுங்கள்.

வெயிலையும் மறக்க வேண்டாம். அப்பச்சர் திறந்த மனுவல் லென்ஸ், பூதக்கண்ணாடி போலச் சூரியனைச் சென்சரிலோ ஷட்டரிலோ குவிக்கும். படம் எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டு வையுங்கள்.

கமராவில் மாற்ற வேண்டியவை

மனுவல் லென்ஸ் மாட்டியிருப்பது கமராவுக்குத் தெரியாது. அதனால் ஷட்டர் அழுத்தினாலும் வேலை செய்யாமல் நிற்கலாம். பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம். மெனுவில் "லென்ஸ் இல்லாமல் படமெடுக்க அனுமதி" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்கினால் போதும். போகஸ் பீக்கிங்கையும் திரையைப் பெருப்பித்துப் பார்க்கும் வசதியையும் பயன்படுத்தினால் போகஸ் செய்வது இலகு. கமராவுக்குள் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸின் மில்லிமீற்றர் அளவை நீங்களே பதிந்து கொடுக்க வேண்டும்.

எஞ்சிய படங்களைக் காக்க

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். பலரிடம் எஞ்சியிருப்பது ஒன்றிரண்டு படங்களே. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரேயொரு படத்தைப் போராட்டங்களில் வெயிலிலும் மழையிலும் ஏந்திநிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பிரதி எடுத்து வைக்கப் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸும் ஒரு அடப்டரும் போதும்.

இவ்வகை லென்ஸ்கள் பொதுவாக 45 சென்ரிமீற்றர் வரை நெருங்கும். ஏ.பி.எஸ்.சி. கமராவில் தபாலட்டை அளவுப் படம் ஒன்று அப்போது திரையை நிரப்பும். அடையாள அட்டைப் படம், நெகற்றிவ் போன்ற சிறியவற்றுக்கு நீட்டிப்புக் குழாய் ஒன்றும் வேண்டும். கமராவை முக்காலியில் படத்துக்குச் சமாந்தரமாக வைத்து, இரு பக்கமும் சரிவாக விளக்கு வையுங்கள். அப்பச்சர் எப்8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு செக்கன் ரைமர். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். ஒட்டியபடியே எடுங்கள். எடுத்ததை இரண்டு இடங்களிலாவது சேமித்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

வாங்குமுன்

பழைய லென்ஸை வாங்குமுன் ரோச் வெளிச்சத்தை ஊடாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் மாரிகால ஈரத்தில் அது வளரும். பூஞ்சணம் பிடித்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. நல்ல லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

அடப்டரை முடிந்தால் கமராவோடும் லென்ஸோடும் கடைக்குப் போய் வாங்குங்கள். மாட்டியபின் ஆடுகிறதா, தூரத்திலுள்ள கோபுரமோ பனையோ போகஸ் ஆகிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டில் ஒன்று சரிவராவிட்டாலும் அந்த அடப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.