சைதாப்பேட்டையில் ப்ளக் எங்கே?

சைதாப்பேட்டை பஜார் ரோட்டை ஒட்டிய சந்துகளில் ராத்திரி நடந்தால், ஏதாவது ஒரு மாடி ஜன்னலிலிருந்து வயர் இறங்குவதைப் பார்க்கலாம். கீழே நிற்கும் பேட்டரி ஸ்கூட்டரில் போய் அது முடியும். விடிந்ததும் சுருட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். மின்சார வண்டி கட்டுப்படியாகுமா என்ற கணக்கை அந்த வயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். 45 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு ஆகிறது. பேட்டரி ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் சுமார் 33 கி.மீ. ஓடும், யூனிட் 5 ரூபாய் என்றால் 15 காசு. தினம் 30 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மாதம் 2,000 ரூபாய் பெட்ரோல் 135 ரூபாய் கரண்டாகச் சுருங்கும். இரண்டு மாத பில்லில் 54 யூனிட் ஏறும். அதனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் மானியத்தில் ஒரு பகுதி போகும், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் விழும். சப்-மீட்டர் வைத்து வீட்டுக்காரர் 10 ரூபாய் வாங்கினாலும் கிலோமீட்டருக்கு 30 காசுதான். ஆகவே பில்லுக்குப் பயப்பட வேண்டாம். பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம் என்பதைத்தான் வாங்கும்போது கறாராகக் கேட்க வேண்டும். மாற்ற நேர்ந்தால் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

புகை? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 51 கிராம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் வருவதால் பேட்டரி வண்டிக்கும் ஏறக்குறைய 23 கிராம் உண்டு; அது அனல்மின் நிலையத்தில் வெளியாகிறது, சைதாப்பேட்டை சிக்னலில் நிற்கும் குழந்தையின் மூக்கில் ஏறுவதில்லை. 3 யூனிட் பேட்டரியைத் தயாரிக்கும்போதே வெளியேறும் 250 கிலோ அளவிலான வாயுவைப் பத்து மாத ஓட்டத்தில் ஈடுகட்டிவிடலாம்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார வண்டிகள் தயாராகின்றன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பணிமனையிலேயே சார்ஜர் இருப்பதால் அவற்றுக்குச் சிக்கலில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவருக்கு அந்த வசதி ஏது? மழையில் தொங்கும் அந்த வயரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் பேட்டரியுள்ள வண்டி, அல்லது வாசலிலேயே எர்த் சரியாக உள்ள ஒரு ப்ளக்: வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். பனகல் மாளிகை, நீதிமன்றம் போன்ற இடங்களில் நாள் முழுக்க வெயிலில் வண்டிகள் நிற்கின்றன. அங்கே கொட்டகை போட்டு, மேலே சோலார் தகடும் கீழே ப்ளக்கும் வைத்தால், ராத்திரி நிலக்கரிக் கரண்ட் பகல் வெயில் கரண்டாக மாறும், மாடியிலிருந்து வயர் இறங்கவும் தேவையிருக்காது.