கார்டு போச்சா, ஸ்லாட் போச்சா?

நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல டெல் நிறுவனம் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணத் தொடங்கினது 2007-இல். ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் பஸ் ஏறுற நிறைய பேருக்கு எலக்ட்ரானிக்ஸ் லைன் பழக்கம். அந்த மாதிரி லைன்ல ஒரு போர்டு டெஸ்ட்ல ஃபெயில் ஆனா, நல்லதுன்னு ஏற்கெனவே தெரிஞ்ச இன்னொரு போர்டை அதே இடத்துல வெச்சுப் பார்க்கலாம். அதுவும் ஃபெயில் ஆனா, கோளாறு டெஸ்ட் மெஷின்ல. வீட்டு டெஸ்க்டாப்புக்கும் இதே தர்க்கம்தான். புது கிராஃபிக்ஸ் கார்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட் போய்ச் சம்பளத்தைக் கரைக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

முதல்ல, கார்டை சிஸ்டம் பார்க்குதா? விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர், லினக்ஸ்ல எல்எஸ்பிசிஐ. பெயர் வந்து மஞ்சள் குறி இருந்தா, முதல் சந்தேகம் டிரைவர் மேல. லினக்ஸ் போட்ட பென் டிரைவ்ல பூட் பண்ணுங்க; அங்கே ஒழுங்கா ஓடினா கார்டு அநேகமாத் தப்பிச்சுது. பெயரே வரலைன்னா கேஸைத் திறக்கணும்.

அடுத்தது பவர். எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் 150. சும்மா இருக்கும்போது நல்லா இருந்து, கேம் தொடங்கினதும் ரீஸ்டார்ட் ஆனா, கார்டோட எஸ்எம்பிஎஸ்-ஐயும் சந்தேகப்படணும்.

கடைசியா, இடம் மாத்துறது. மெயின் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேஸோட உலோகத்தைத் தொட்டுட்டு கார்டைக் கழற்றுங்க. நண்பரோட மெஷின்ல போட்டுப் பாருங்க. அங்கே ஓடுதுன்னா உடனே மதர்போர்டைத் திட்டாதீங்க. திரும்ப உங்க மெஷின்ல, அதே ஸ்லாட்ல போடுங்க. இப்போ ஓடினா, கார்டும் ஸ்லாட்டும் நல்லாத்தான் இருக்கு. சரியா உட்காராததுதான் பிரச்சினையா இருந்திருக்கும். இப்பவும் ஓடலைன்னாதான் ஸ்லாட்டையும் எஸ்எம்பிஎஸ்-ஐயும் நோண்டணும். வேற ஸ்லாட் முயற்சி பண்ணும்போது மேனுவலைப் பாருங்க: சில போர்டுகள்ல எம்.2 எஸ்எஸ்டி போட்டா ஒரு ஸ்லாட் அணைஞ்சிடும்.

ரெண்டு மெஷின்லயும் ஓடலைன்னா கார்டுதான் குற்றவாளி. பில்லோட சர்வீஸ் சென்டர் போகும்போது, எந்த மெஷின்ல, எந்த எஸ்எம்பிஎஸ்-ல சோதிச்சீங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. "டிரைவர் மாத்திப் பாருங்க சார்"னு திருப்பி அனுப்ப முடியாது.