காத்திருக்கத் தெரியாத ஒளி

கொல்கத்தாவில் பழைய ‘பைஸ் ஹோட்டல்’கள் சில இன்னும் நடக்கின்றன. வாழை இலையில் சோறு, பருப்பு, மீன் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. சில பைசாவுக்கு வயிறு நிறைந்த காலத்தில் உழைப்பாளிகளின் பசியாற்றியவை இவை. இத்தகைய மலிவு ஹோட்டல்களை மனதில் வைத்து, அந்த ஊரின் சாகா அணு இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிகாஸ் சக்ரவர்த்தியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். ‘கொல்கத்தா பைசா ரெஸ்டாரன்ட் பிரச்சினை’ என்ற பெயரில் 2009இல் அது வெளிவந்தது.

நூறு பேர், நூறு ஹோட்டல். ஒரு ஹோட்டலில் ஒருவருக்கு மட்டுமே சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உணவு இடைவேளை. யார் எங்கே போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. போன இடத்தில் இன்னொருவர் முந்திக்கொண்டால் வேறு இடம் தேட நேரமில்லை, அன்று பட்டினிதான். அவரவர் மனம்போன போக்கில் போனால் எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?

ஒரு குறிப்பிட்ட ஹோட்டலுக்கு ஒருவர் போகாமலிருக்கும் வாய்ப்பு 0.99. நூறு பேருமே போகாமலிருக்கும் வாய்ப்பு வேண்டுமென்றால் 0.99ஐ நூறு முறை பெருக்க வேண்டும்; விடை 0.366. ஆக, சராசரியாக 37 ஹோட்டல்கள் ஈயோட்டும். 63 பேர் சாப்பிடுவார்கள். ஆளையும் ஹோட்டலையும் லட்சமாக்கினாலும் இதே 63 சதவீதம்தான்.

மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் தரவை நகர்த்தும் ஒளிக்கணினியைக் கட்டுகிறவர்களுக்கு இந்த எண் புதிதல்ல. பல செயலிகள் ஒன்றுக்கொன்று தரவு அனுப்பும்போது, இரண்டு பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) ஒரே வாசலுக்கு வந்து முட்டும். தரவை வழிமாற்றிவிடும் சுவிட்ச் மின்னணுவாக இருந்தால், ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை நினைவகத்தில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசை எவ்வளவு நீளும், எத்தனை நேரம் தேங்கும் என்று கணிப்பதுதான் வரிசைக் கோட்பாடு. டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து அதைத் தொடங்கிவைத்தார்.

ஒளியை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. நீண்ட ஒளியிழைச் சுருளில் ஓடவிட்டுத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் வரும் 1,500 பைட் பாக்கெட் ஒன்று கடந்துபோக 1.2 மைக்ரோவிநாடி ஆகும். அந்த நேரத்துக்கு இன்னொரு பாக்கெட்டைப் பிடித்து வைக்க 240 மீட்டர் இழை வேண்டும். ஒரே ஒரு பாக்கெட்டுக்கு! நினைத்தபோது அதை வெளியே எடுக்கவும் முடியாது. மறுமுனையில் வரும்போதுதான் உண்டு.

சுருளும் இல்லையென்றால் முட்டிய பாக்கெட் தொலைந்தது. முழுச் சுமையில் அத்தகைய சுவிட்ச் கடத்துவது அதே 63 சதவீதம். பெல் ஆய்வகத்தின் கரோலும் வேறு இருவரும் 1987இல் காட்டியது இன்னும் வியப்பானது: பாக்கெட்டுகளைத் தொலைக்காமல் ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒற்றை வரிசையில் நிறுத்தினால் 58.6 சதவீதமாகக் குறைகிறது. முன்னால் நிற்பது நெரிசலான வாசலுக்குக் காத்திருக்க, பின்னால் நிற்பதன் வாசல் காலியாக இருந்தும் அது நகர முடியாது.

மீளும் வழி கொல்கத்தாக் கணக்கிலேயே இருக்கிறது. நேற்றைய நெரிசலைப் பார்த்து ஒதுங்கக் கற்றால் சுமார் 80 சதவீதம் எட்டலாம். நாளுக்கொரு ஹோட்டல் என்று முறைவைத்துச் சுற்றினால் நூறு பேரும் சாப்பிடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தார் 2017இல் வெளியிட்ட ‘ரோட்டார்நெட்’ வடிவமைப்பு ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது: ஒளிச் சுவிட்ச் யாரையும் கேட்காமல் இணைப்புகளை முறைவைத்து மாற்றிக்கொண்டே இருக்கும், மோதலே கிடையாது. ஆனால் தன் முறை வரும்வரை பாக்கெட் சர்வரின் மின்னணு நினைவகத்தில் காத்திருக்க வேண்டும். ஒளிக்கணினியின் வேகத்தைச் சொல்கிற எவரும் இந்தக் காத்திருப்பையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.