புண்ணை ஆற்றுவது எது?

பெங்களூர் இரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. நாள் முழுதும் நின்றும் நடந்தும் உழைப்போருக்குக் கால்களே முதல். அக்காலில் காயம் பட்டால், காப்பிப் பொடியையோ சுண்ணாம்பையோ அப்பிக்கொண்டு வேலைக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. அது தீது என்பதை உணர, புண் ஆறும் விதத்தை அறிதல் வேண்டும்.

புண்ணை ஆற்றுவது உடலே. மருந்து அதற்குத் துணை. அடிபட்டதும் இரத்தம் உறைந்து காயத்தின் வாயை அடைக்கிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் திரண்டு, கிருமிகளையும் இறந்த சதையையும் அகற்றுகின்றன. அப்போது தோன்றும் சிறு சிவப்பும் வீக்கமும் இப்பணியின் அடையாளங்கள். பின்னர்ச் செந்நிறப் புதுத்தசை பள்ளத்தை நிரப்ப, ஓரங்களிலிருந்து தோல் படர்ந்து மூடுகிறது. உள்ளே வடு உறுதிபெற ஓராண்டுகூட ஆகலாம்.

இவ்வேலைக்கு இடையூறு நேராமல் காப்பதே செவிலியர் பணி. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அவர்கள் புண்ணைத் தொடுவர். தூய நீரால் கழுவுவர். சுத்தமான துணியால் மூடிக் கட்டுவர். புண் காற்றில் உலர்ந்தால்தான் ஆறும் என்பது பழைய எண்ணம். மேற்புண்ணில் ஈரம் காக்கப்பட்டால் தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் மூடுகிறது என்பதை, 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் நடத்திய ஆராய்ச்சியால் காட்டினார்.

வலிக்கும் புண்ணைவிட வலிக்காத புண்ணே அஞ்சத்தக்கது. 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் காற்புண்கள் ஆறாமைக்குக் காரணம் சதையின் கேடன்று, உணர்ச்சியின்மையே என்று கண்டார். வலி தெரியாமையால் அவர்கள் புண்ணின்மீதே நடந்து வந்தனர். மாவுக்கட்டிட்டுப் புண்ணின்மேல் பாரம் விழாமல் காத்தபோது அப்புண்கள் ஆறின.

நீரிழிவு முற்றியோரின் கால்களுக்கும் இந்நிலை நேரக்கூடும். அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. புண் சிறிதாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் நலம். ஏனையோரும் சீழ், துர்நாற்றம், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. ஆழமான காயத்திற்கும் மண் படிந்த காயத்திற்கும் இசிவு நோய்த் தடுப்பூசி தேவையா என மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

நகர மார்க்கெட்டின் அருகே 1900 முதல் விக்டோரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. காயத்தைக் கன்னடத்தில் ‘காய’ என்பர். நீரிழிவைச் ‘சக்கரெ காயிலெ’ என்பர். இவ்விரண்டு சொற்களையும் உரிய நாளில் சொன்னால், ஒரு காலைக் காத்துக்கொள்ளலாம்.