இலுப்பையும் வௌவாலும்

வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் ஆலயத்தில், அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியராய் எழுந்தருளியிருக்கும் கோலத்தைக் கண்ணாரத் தரிசிக்கிறோம். பிராகாரம் வலம் வந்து, திருநீறு தரித்து, வீடு திரும்புகிறோம். அத்தலத்தின் விருட்சம் புளி என்பதை நினைவில் கொண்டிருப்போர் நம்மில் சிலரே. இத்தனைக்கும் இறைவன் திருநாமத்திலேயே அந்த மரம் இருக்கிறது. புளிக்குச் ‘சிந்தை மரம்’ என்றொரு பெயர் உண்டு. தெலுங்கு பேசுவோர் இன்றும் அதைச் ‘சிந்த’ என்றே வழங்குகின்றனர். அந்த மரத்தடியில் காட்சி தந்தவர் என்பதால் அவர் சிந்தாமணிநாதர். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பது தாவரவியல் அறிஞர்கள் கருத்து. எப்போதோ வந்து, நம் குழம்பிலும் கோயிலிலும் ஒருசேர இடம்பிடித்துக்கொண்ட மரம் அது!

சங்கரன்கோவிலுக்குச் சென்றால் தல விருட்சம் புன்னை; க்ஷேத்திரமே புன்னைவனம். கோமதி அம்பாள் தவமிருந்தது மாளிகையில் அன்று, அந்த வனத்தில். அங்கே பிரசாதமாக நாம் பெறுவது புற்றுமண். நெற்றியில் இட்டு, சிறிது நாவிலும் இட்டுக்கொள்ளும் அந்த மண்ணைத் திரட்டியவை கறையான்கள் என்பதையும், கறையான் குடைந்த மண்ணில்தான் மழைநீர் எளிதில் இறங்கும் என்பதையும், அப்புற்றில் குடியேறும் பாம்பு வயலில் எலியைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், நம் முன்னோர் எதை எதைச் சந்நிதிக்குள் வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

நான் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன், தாவரவியல் கற்றவனல்லன். பல்லுயிர்ப் பெருக்கம் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒரு கணக்குப் புத்தகம்.

எங்கள் குலதெய்வம் ஒரு சாஸ்தா. வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்து வயல்களுக்கு நடுவே அவர் கோயில். ஊர்ப்பெயர் வேண்டாம், பிழையில் எனக்கும் பங்கிருக்க, ஊரை ஏன் இழுக்க வேண்டும்? என் சிறுவயதில் அங்கே கட்டடம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஒரு பீடம், இரண்டு சுதைக் குதிரைகள், சுற்றிலும் இரண்டு ஏக்கருக்குக் குறையாத காடு. நாவல், அத்தி, வேம்பு, பெயர் தெரியாத கொடிகள், நடுவில் அண்ணாந்து பார்க்க வேண்டிய இரண்டு இலுப்பை மரங்கள். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கச் சென்ற பங்காளிக் குடும்பங்கள் எல்லாம் வந்து, அந்த நிழலில் பொங்கலிட்டு, மாலை வரை அங்கேயே பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்னர்த் திருப்பணிக் குழு அமைந்தது. வங்கிக்காரர் என்பதால் வரவு செலவு என் கையில் வந்தது. இலுப்பை மரங்களில் வௌவால்கள் தொங்குகின்றன, எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது, வரும் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. காட்டைத் திருத்தி, தரைக்குச் சிமெண்டு இட்டு, தகரக் கொட்டகை போடுவதென முடிவாயிற்று. கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். வயது முதிர்ந்த பூசாரி ஒருவர் மட்டும் என்னிடம் தனியாக வந்து, “மரத்த வெட்டிப்புட்டு நெழலுக்குக் கொட்டகை போடுதியளே அய்யா” என்றார். நான் சிரித்துவிட்டு, வானம் பார்த்த கோயிலாகவே இருந்தால் போதுமா என்று ஏதோ பதில் சொன்னேன். பிறகு பதிவேட்டில், ‘மரம் விற்ற வகையில் வரவு ரூ. 38,000’ என்று அழகாக எழுதி அடிக்கோடிட்டேன்.

ஓய்வு பெற்ற பின்னர் அப்புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அதற்கடுத்த ஆண்டிலிருந்து ஒரு புதிய செலவினம் தொடங்கியிருப்பது கண்ணில் பட்டது: ‘விளக்குக்கு எண்ணெய் வாங்கிய வகையில்’. அதற்கு முந்தைய கணக்கு எதிலும் அப்படி ஒரு வரி இல்லை.

இல்லாமற்போனதன் காரணம் பின்னர்தான் நினைவுக்கு வந்தது. ஆனி, ஆடி மாதங்களில் ஊர்ப் பெண்கள் காட்டில் உதிர்ந்த இலுப்பைக் கொட்டைகளைப் பொறுக்கிச் செக்குக்குக் கொடுப்பார்கள். எண்ணெய் ஆண்டு முழுவதும் சாஸ்தாவின் விளக்குக்கு. பிண்ணாக்கு, தலை தேய்த்துக் குளிக்க அவரவர் வீட்டுக்கு. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று அதன் பூவைச் சற்றே இளக்காரமாகச் சொல்லிவைத்தார்கள். ஆனால் சிவாலயங்களில் விளக்கெரிக்க இலுப்பெண்ணெய்க்கு இருந்த மதிப்பு வேறு. கோயில் இலுப்பைத் தோப்புகள் தமிழகமெங்கும் இருந்ததற்கு அதுவே காரணம்.

இனி, அந்த வௌவாலுக்கு வருகிறேன். இலுப்பை இரவில் பூக்கும் மரம். சதைப்பற்றான, வெளிர்நிறமான அதன் பூக்களைத் தேடி வருபவற்றுள் முக்கியமானவை பழந்தின்னி வௌவால்கள். பூவை உண்ணும்போது அவற்றின் உடலில் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்தைச் சென்றடைகிறது. காய் கனிந்ததும் மீண்டும் அவையே வருகின்றன. கனியைத் தாய்மரத்தில் அமர்ந்து உண்ணாமல், வேறொரு மரத்துக்குக் கவ்விச் சென்று, சதையைத் தின்று, கொட்டையைக் கீழே போடுகின்றன. தாய்மரத்தின் நிழலைவிட்டு இலுப்பை விலகி முளைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆக, அகல் எரிய எண்ணெய், எண்ணெய்க்கு இலுப்பை, இலுப்பைக்கு வௌவால். சந்நிதி விளக்குக்குத் திரி போட்டவர் பூசாரி என்றால், எண்ணெய் வார்த்த கைங்கரியத்தில் நாங்கள் நாற்றம் என்று விரட்டிய அந்த ஜீவனுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

நாங்கள் மட்டுமா அப்படி நினைத்தோம்? 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமே, பெரும்பாலான பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது.

அத்தி மரத்தின் கதையும் இத்தகையதே. ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்கிறோம். அந்தச் ‘சொத்தை’யே அத்தியின் உயிர். அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருப்பவை. கடுகினும் சிறிய ஒரு குளவி, காயின் நுனித் துளை வழியே உள்ளே புகுந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடைபெறும். ஆல், அரசு, அத்தி ஒவ்வொன்றுக்கும் அதற்கென உரிய குளவி இனம் உண்டு. மற்ற மரங்கள் காய்க்காத காலத்திலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுத்திருக்கும். பறவைகளும் அணில்களும் பஞ்ச காலத்தை அதை உண்டே கடக்கின்றன. பிள்ளையாரை அரசமரத்தடியில் வைத்தவர்களுக்குக் குளவியைத் தெரிந்திருக்குமோ, தெரியாதோ. அந்த மரத்தை வெட்டக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

வாசுதேவநல்லூரில் நின்று மேற்கே நோக்கினால் நீல நிறத்தில் தெரியும் மலைத்தொடர், இவை அனைத்தின் மூலப் பண்டாரம். சிவகிரி, புளியங்குடிப் பக்கத்து மலைக்காடுகள் இன்று நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கும். வடக்கே, ஆண்டாள் நாச்சியார் நந்தவனத்தில் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில், சாம்பல் நிற மலையணிலுக்காக 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தெற்கே பொதிகையைச் சூழ்ந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மழையை வாங்கி வைத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஓடைகளில் விட்டு, நம் குளங்களை நிரப்புவது அந்தக் காடு. அக்காட்டைத் தொடர்ந்து விதைத்துக்கொண்டிருப்பவை இருவாச்சியும் சோலைமந்தியும் வௌவாலும்.

அம்மலைகளில் என்னென்ன உள்ளன என்று நாம் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. 1948-இல் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிபட்டது. வேறோர் இனத்தின் பெயரைத் தாங்கிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது கிடந்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1972-இல்தான், அது தனி இனம் என்று கண்டறிந்து பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்கள். தென் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பட்டியலில் ஏறாத சொத்து களவு போனால் புகார் கொடுக்கவும் வழியில்லை என்பதை வங்கியில் இருந்த நான் அறிவேன்.

பக்தர்களாகிய நாம் மலைக்குச் செய்யும் சேதத்தையும் சொல்லத்தான் வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. வனத்துறையினர் கட்டுப்பாடு விதித்தால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் நாம் விட்டுவிட்டு வரும் நெகிழிப் பைகளைத் தின்னும் மான், சாஸ்தாவின் பரிவாரமில்லையா? பாபநாசத்தில் தாமிரபரணியில் உடுத்திய துணியை விட்டுவருவது பாவத்தைக் களைவதாக நம்புகிறோம். ஆற்றுக்கு அது பாரம் மட்டுமே. இதில் நான் கடுமையாகப் பேசுவதாக வீட்டில் குறை சொல்கிறார்கள். பேசத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

நல்ல உதாரணமும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில் காசம்பட்டி என்றொரு சிற்றூர். அங்குள்ள வீரகோவில் காடு ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். ஊரார் தெய்வத்துக்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அக்காட்டை, 2025-இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இதற்கு முன், 2022-இல், அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் மதுரையை அடுத்த அரிட்டாபட்டி. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அவ்வூரின் மரம், செடி, பறவை, பூச்சி, பாரம்பரிய விதை அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் குலதெய்வக் காடு அப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்கள். திருப்பணிக்கு நன்கொடை தருகிறவர்களுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு: மரத்தைச் சுற்றி அடிவரை சிமெண்டு பூசுகிறார்களா, நீர் இறங்க மண் விட்டிருக்கிறார்களா, கோபுரத்தைப் புதுப்பிக்கையில் அங்குள்ள உயிர்களை என்ன செய்யப் போகிறார்கள்? இவ்வளவையும் எங்கள் கோயிலில் நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அங்கே பங்குனி வெயிலில் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடிவதில்லை. பொங்கல் இறக்கியவுடன் குடும்பங்கள் காரில் ஏறிவிடுகின்றன. பகல் 1 மணிக்குள் சாஸ்தா தனித்துவிடுகிறார். சென்ற உத்திரத்தன்று கூடிய குழுவில் நான் எழுந்து, அந்த இரண்டு வரிகளையும், மரம் விற்ற வரவையும் எண்ணெய் வாங்கிய செலவையும், ஆண்டுவாரியாகப் படித்தேன். எண்ணெய்ச் செலவு மரத்தின் விலையை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. தரையைப் பெயர்த்துவிட்டு மறுபடி காடு வளர்ப்போம் என்று கேட்டேன். “அப்போ வண்டியை எல்லாம் எங்க நிறுத்துறது பெரியப்பா?” என்றான் தம்பி மகன். நியாயமான கேள்விதான். வாதம் நீண்டு, முடிவில் வடபுறத்துத் தரையை மட்டும் பெயர்க்க ஒப்புக்கொண்டார்கள்.

இலுப்பை விதை நெடுநாள் உயிர்ப்போடு இராது. உதிர்ந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். ஆகவே ஆடி பிறந்ததும் சென்றேன். அந்தப் பழைய பூசாரி இப்போது இல்லை. அவர் மகன் உடன் வந்தார். ஓடைக்கரையில் ஒரே ஒரு முதிய இலுப்பை மிஞ்சியிருந்தது. அதனடியில் பெரும்பாலும் பூச்சியரித்த கொட்டைகள். சற்றுத் தள்ளியிருந்த வேம்பின் கீழ்தான், சதை நீங்கிச் சுத்தமாக, நல்ல கொட்டைகள் சிதறிக் கிடந்தன. யார் போட்டவை என்று அவர் என்னிடம் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. 42 விதைகளை ஊன்றினோம். 19 முளைத்திருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார். தென்புறம் இன்னும் சிமெண்டுத் தரையாகவே இருக்கிறது. அடுத்த உத்திரத்தில் மறுபடியும் கேட்பதாக இருக்கிறேன்.