தலைவாஸ் தேட வேண்டிய ரைடர்

புரோ கபடி ஏலம் நெருங்கினால், சிமென்ட் ஆலையால் அறியப்பட்ட எங்கள் ரெட்டிபாளையத்திலும் ஒரே விவாதம்தான்: தமிழ் தலைவாஸ் எந்த ரைடரை எடுக்க வேண்டும்? புகழ்பெற்ற நட்சத்திரத்தையா, வளரும் இளைஞரையா? இளைஞரையே என்பேன்.

எதிரணியின் ஏழு பேருக்கு நடுவே ரைடர் தனியாக நுழைகிறார். 30 விநாடிகளுக்குள் தொட்டுத் திரும்ப வேண்டும். ஆட்டத்தின் போக்கை அவரே பெரிதும் தீர்மானிக்கிறார். ஆகவே ஏலத்தில் ரைடர்களுக்குக் கோடிகள் கொட்டப்படுகின்றன. ஆபத்தும் அங்கேதான்.

2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்குத் தலைவாஸ் வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்ற அவர், அதன்பின் அத்தொடரில் ஆடவில்லை. சுமையைத் தோளில் ஏற்றவர் அறிமுக வீரர் நரேந்தர். அவர் 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி கொடுத்தும் கிடைத்தது ஒன்பதாம் இடமே.

நட்சத்திரம் ரசிகர்களை ஈர்ப்பார், இளையோருக்கு வழிகாட்டுவார் என்பது உண்மை. ஆனால், ஒருவரிடம் பெருந்தொகையை முடக்கினால் தற்காப்பு வீரர்களுக்கும் மாற்று ரைடருக்கும் மிஞ்சுவது சொற்பமே. நரேந்தர் ஹரியாணாவில் உருவானவர். அத்தகைய திறமையை அரியலூர், பெரம்பலூர் கிராமங்களின் பொங்கல் போட்டிகளிலும் தேடிப் பார்க்கலாம். ஏல மேடைக்கு முன்பே அணியின் தேர்வாளர்கள் வரவேண்டிய இடம் இந்த மண் களங்களே.